ஊர்காவற்றுறைக் கிட்டங்கிக் கிணறு

வழி கேட்பது எனக்குப் பிடிக்காது. நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வரைபடம் போட்டுவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கே வழி காட்டியவள் நடுத்தெருவில் நின்று வழி கேட்பதா? இந்தத் திமிருக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் முதல் நாள் காலையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போக வேண்டிய இடம் ஊர்காவற்றுறை. வரைபடத்தில் அது தீவின் மேற்கு முனையில், சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது. ஆகவே தீவுப் பக்கம் போகிற பஸ் ஒன்றில் ஏறி, நடத்துநரிடம் "கடைசி ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று மிடுக்காகச் சொன்னேன். அவரும் கொடுத்துவிட்டார்.

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. பாலம் என்று சொல்கிறார்களே தவிர, அது கடலுக்கு நடுவே கல்லைக் கொட்டிப் போட்ட நீளமான சாலை. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர். நாகப்பட்டினத்துக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அலையே இல்லாத இந்தக் கடல் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. நடுக்கடலில் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பூக்கூடையும் தேங்காயுமாகப் பெண்கள் கூட்டம். ஊர்காவற்றுறையில் ஏதோ கோயில் விசேஷம் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

இன்னொரு நீளமான பாலம் வந்தது. வரைபடத்தில் அப்படி ஒன்று வரக்கூடாது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பஸ் ஒரு இறங்குதுறையில் போய் நின்றது. எல்லாரும் இறங்கிப் படகுக்கு ஓடினார்கள்.

"எங்கை அம்மா போகவேணும்?" என்றார் நடத்துநர்.

"ஊர்காவற்றுறை."

அவர் தலையில் கை வைத்தார். "இது குறிகட்டுவான் அம்மா. இந்தச் சனமெல்லாம் நயினாதீவுக்குப் போகுது. ஊர்காவற்றுறைக்கு வேற பஸ். கடைசி எண்டு கேட்டனீங்கள், கடைசிக்குக் கொண்டுவந்து விட்டிட்டன். என்ர பிழை ஒண்டுமில்லை."

அவர் பிழை ஒன்றும் இல்லைதான். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். சர்க்கரை போடாத வெறுந்தேநீரும் கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தார்கள். கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பால் டீயை நாற்பது வருடமாகக் குடித்து நாக்கைக் கெடுத்துக்கொண்டேனே என்று வருத்தமாக இருந்தது. இரண்டாவதும் வாங்கிக் குடித்தேன்.

பக்கத்தில் நெடுந்தீவுப் பெண் ஒருத்தி, அரிசி மூட்டையும் பிளாஸ்டிக் கதிரைகளுமாகத் தன் படகுக்குக் காத்திருந்தாள். நான் ஊர்காவற்றுறைக்குப் போகிறேன் என்றதும் சிரித்தாள். "அங்கை என்ன கிடக்கு எண்டு போறியள்? என்ர அம்மாவின்ர காலத்தில, கலியாணச் சாமான் எடுக்கிறதெண்டா வள்ளம் பிடிச்சு ஊர்காவற்றுறைக்குத்தான் போறது. இப்ப ஊர்காவற்றுறைச் சனமே சாமானுக்கு யாழ்ப்பாணம் போகுது."

ஒரு ஊரின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் எதற்குப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கொள்ளுத் தாத்தா வைத்தியலிங்கம் நாகப்பட்டினத்திலிருந்து பாய்மரக் கப்பலில் கூரை ஓடும் அரிசியும் ஏற்றி ஊர்காவற்றுறைக்கு அனுப்பியவர். அங்கே கடலோரத்தில் அவருக்கு ஒரு கிட்டங்கி இருந்தது; சரக்கு அடுக்கி வைக்கிற பெரிய கட்டடம். அதற்குப் பக்கத்தில் அவர் ஒரு கிணறும் வெட்டினார். தீவில் நல்ல தண்ணீர் கிடைப்பது அருமை. சந்தைக்கு வருகிறவர்களும் படகுக்காரர்களும் குடிக்கட்டும் என்று அதைத் தருமமாக எழுதி வைத்தார். அந்தத் தாளின் பிரதி எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. யாரும் அதைச் சீந்தியதில்லை.

சென்ற மாதம் ஸ்டெல்லா என்ற பெண் ஊர்காவற்றுறையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். சாலையோரத்தில் மாடு தண்ணீர் குடிக்கும் பழைய கல்தொட்டி ஒன்றில் 'நாகை வைத்தியலிங்கம் தருமம்' என்று வெட்டியிருந்ததாம். அவள் மகள் அதைப் படம் பிடித்து முகநூலில் போட, யார் யாரையோ சுற்றி அது என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. ஸ்டெல்லா நேரே விஷயத்துக்கு வந்தாள். "அக்கா, உங்கட ஆக்கள் பொதுவுக்கு வெட்டின கிணத்தை ஒரு மனிசன் வேலி போட்டு அடைச்சிட்டார். எழுத்து இருந்தாக் கொண்டு வாங்கோ."

எழுத்து இருந்தது, கொண்டு வந்தேன். கூடவே அளக்கும் நாடா, திசைகாட்டி, கட்டம் போட்ட தாள். ஒரே காலையில் முடித்துத் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தேன்.

ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஸ்டெல்லா பஸ் நிறுத்தத்தில் நின்றாள். வயது ஐம்பதைத் தொடும். கணவர் இறந்துவிட்டார், மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள், தம்பி யூட் கடலுக்குப் போகிறவன். ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அது அவள் நடையிலேயே தெரிந்தது.

கடைத்தெரு வழியாகக் கூட்டிப்போனாள். மாடி வீடுகளின் சுவர் இருக்கிறது, கூரை இல்லை. ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் ஆலமரம் குடும்பம் நடத்துகிறது. இங்கேதான் ஒரு காலத்தில் ரங்கூன் அரிசியும் நாகப்பட்டினத்து ஓடும் வந்து இறங்கின. மலையாளக் கரைக்குப் புகையிலை ஏறியது. ஒல்லாந்தர் காலத்தில் யானைகளையே இந்தத் துறையில்தான் கப்பலேற்றினார்களாம். அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாவற்றுக்கும் இதுதான் சந்தை. பிறகு பாலம் வந்தது, லொறி வந்தது, சந்தை யாழ்ப்பாணத்துக்குப் போனது. மிச்சம் இருந்ததை யுத்தம் பார்த்துக்கொண்டது. இப்போது இரண்டு பலசரக்குக் கடை, ஒரு பேக்கரி, மருந்துக் கடை. ஒரு கடைப் படியில் நாய் படுத்திருந்தது. கடைக்காரர் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

ஸ்டெல்லாவின் வளவு, அதாவது வீடும் தோட்டமுமான மனை, கடலுக்குப் பக்கத்தில். சுற்றிவர அடர்த்தியான வேலி. கிளுவைக் கம்புகளை நெருக்கி நட்டு, அவை துளிர்த்து மரமாகியிருந்தன. அந்தக் கம்புகளைக் 'கதியால்' என்கிறார்கள். வாசலுக்குப் 'படலை'. உள்ளே நீலத் தண்ணீர்த் தொட்டி, சின்னதாக ஒரு கிணறு. தண்ணீர் இளநீர்தான்.

ஐந்து மணிக்கு ஒரு காட்சி பார்த்தேன். படலைக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் வாளியோடு வந்து நின்றார்கள். ஸ்டெல்லா பூட்டைத் திறந்தாள். ஒருத்திக்கு இரண்டு வாளி. தானே கிணற்றடியில் நின்று கணக்காக அள்ளவிட்டாள். "கோடையில இந்தப் பக்கம் எல்லாக் கிணறும் உவர் அக்கா. என்ர கிணறு மட்டும் உவராது. கேட்டு வாற சனத்துக்கு இல்லை எண்டு சொல்ல ஏலாது. பன்ரண்டு வருசமாக் குடுக்கிறன்" என்றாள். எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது. எங்கள் தெருவில் குழாயடிச் சண்டையைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை.

ஒருத்தி மட்டும் வாளி நிரம்பியும் தயங்கி நின்றாள். "பிலோமினா, ரெண்டு காணும்" என்றாள் ஸ்டெல்லா. அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். பிறகு ஸ்டெல்லா சொன்னாள்: பிலோமினா போன வருடம் ஒருநாள் கேட்காமல் மூன்றாவது வாளி அள்ளிவிட்டாளாம். ஒரு கிழமை, ஏழு நாள், அவளுக்குத் தண்ணீர் இல்லை என்று நிறுத்தினாளாம். "ஒழுங்கு வேணும்தானே அக்கா?"

ஓம், வேண்டும்தான் என்றேன்.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். அடைக்கப்பட்ட கிணறு ஸ்டெல்லாவின் வளவுக்கு மேற்கே, நூற்றைம்பது அடி தள்ளி, சாலையோரத்தில் இருந்தது. அகலமான கிணறு, கல் கட்டு. சந்தைக் கிணறு என்றால் இதுதான் என்று பார்த்த உடனே தோன்றும். புது முள்ளுக்கம்பி வேலிக்குப் பின்னால் அரைக்காற்சட்டையும் தொப்பியுமாக ஒரு பெரியவர் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தில்லையம்பலம். ஊரார் வாயில் தில்லையர். கனடாவில் முப்பது வருடம் இருந்துவிட்டுக் கடைசிக் காலத்துக்கு அப்பா வளவுக்குத் திரும்பியவர். நான் சண்டைக்காரர் ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். அவர் கதிரை போட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மா, நான் ஆரின்ர சொத்தையும் பறிக்கேல்லை. என்ர உறுதியில 'வளவும் கிணறும்' எண்டு எழுதிக் கிடக்கு."

உறுதி என்றால் பத்திரம். ஸ்டெல்லா வேலிக்கு வெளியே நின்றே கத்தினாள். "உறுதி எழுதேக்க பொதுக் கிணத்தையும் சேர்த்து எழுதிப்போட்டினம் ஐயா!"

"அப்ப நிரூபியும் பிள்ளை."

என் தாளை வாசித்தேன். 'கிட்டங்கியின் கடல்வாசலுக்கு நேர் தெற்கே இருபது பாகத்தில் நான் வெட்டிய கிணறு' என்று இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். அளப்பதா கஷ்டம்? கிட்டங்கி வாசல் எங்கே இருந்தது என்று தெரிந்தால் போதும்.

அதுதான் தெரியவில்லை. கட்டடம் எப்போதோ இடிந்து, கல்லெல்லாம் ஊரார் வீட்டு அத்திவாரங்களுக்குப் போய்விட்டது. காலையிலிருந்து மத்தியானம் வரை வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவர், "இஞ்சைதான், என்ர வாசலுக்கு முன்னால" என்றார். அடுத்த வீட்டு அம்மா, "அவருக்கு என்ன தெரியும்? என்ர வேலியடியில" என்றார். ஐந்து பேரைக் கேட்டேன்; ஐந்து இடம். ஒவ்வொருவரும் கிட்டங்கியைத் தத்தம் வீட்டுக்கு முன்னால்தான் கட்டி வைத்திருந்தார்கள். நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஒரு பூவரசு நிழலில் உட்கார்ந்தேன். நாகப்பட்டினத்தில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

தில்லையர் குடையோடு வந்தார். ஏளனம் செய்வார் என்று நினைத்தேன், சோடா கொண்டுவந்திருந்தார். "கிட்டங்கி இருந்த இடத்தைக் காட்டுங்கோ அம்மா. இருபது பாகத்தில என்ர கிணறு வந்தா, என்ர கையாலேயே வேலியைப் பிரிக்கிறன்."

"வராட்டி நான் இனி வாய் திறக்கமாட்டன்" என்றாள் ஸ்டெல்லா. சொன்ன சொல்லுக்கு நான் சாட்சி.

அன்று சாயங்காலம் யூட் பிடித்து வந்த விளைமீனைப் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் பலாக்கொட்டையும் போட்ட கூழ். பலா இலையைக் கோலிக் குடிக்க வேண்டும். உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது. மூக்கைத் துடைத்துக்கொண்டே, மீன் எங்கே பிடித்தது என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"கிட்டங்கிப் பாரில" என்றான் யூட்.

இலையைக் கீழே வைத்தேன். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் கல்திட்டு; அது எனக்குத் தெரியும். "அதென்ன கிட்டங்கிப் பார்?"

"அது பேர் அக்கா. கிட்டங்கி வாசலுக்கு நேர் மேல மாதா கோயில் கோபுரம் நிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு கடலுக்குள்ள போனா, அந்தக் கல்லு வரும். எங்கட அப்பு அப்படித்தான் அப்பாவுக்குச் சொன்னவர்."

"நீ கிட்டங்கியைப் பார்த்திருக்கியா?"

"நான் எங்கை பாத்தனான்? எனக்கு ஜிபிஎஸ் கிடக்கு. பேர் மட்டும் பழைய பேர்."

கரையில் இரண்டு பொருளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக் கடலில் இடம் பிடிப்பது மீனவர் வழக்கம். கிட்டங்கி அழிந்துவிட்டது. ஆனால் கோபுரம் நிற்கிறது. பாரும் கடலுக்கடியில் அப்படியே கிடக்கிறது. பாரில் நின்று கோபுரத்தைப் பார்த்தால், அந்தப் பார்வைக் கோடு கரையை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் கிட்டங்கி வாசல். ஊர் முழுக்க வெயிலில் அலைந்தேனே, விடை சட்டியில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. சொன்னதும் ஸ்டெல்லா எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "தில்லையருக்கு நாளைக்கு இருக்கு!" என்றாள்.

மூன்றாம் நாள் காலை யூட்டின் படகில் அவனும் ஸ்டெல்லாவும் நானும் புறப்பட்டோம். கரையில் ஒரு கம்பில் என்னுடைய செம்மஞ்சள் துண்டைக் கட்டி யாராவது பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தில்லையரே முன்வந்தார். "நானே பிடிக்கிறன். பிறகு கள்ளம் எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது." தன் வளவுக்கும் மேற்கே போய் நின்றுகொண்டார். அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே நடப்பது. துண்டு கோபுரத்துக்கு நேர் கீழே வரும்போது படகிலிருந்து தொலைபேசியில் சொல்வது. தொலைபேசி ஸ்டெல்லா கையில்.

கடலுக்கு நடுவே நிற்கும் பழைய கோட்டையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் யூட் இயந்திரத்தை நிறுத்தினான். ஜிபிஎஸ்ஸைப் பார்த்தான், அதை நம்பாமல் ஈயக்குண்டு கட்டிய கயிற்றையும் இறக்கினான். "சேறு... சேறு..." என்றான். படகைக் கொஞ்சம் நகர்த்தினான். 'டங்' என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். "கல்லு." முன்னாலும் பின்னாலும் நங்கூரம் போட்டான். கல் ஒரு வீட்டளவுதான், படகு அதன் நடுவில் நிற்கிறது என்றான்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். கோபுரம் கரைக்குக் கிட்ட இருக்கிறது, நாங்கள் வெகுதூரத்தில். படகு பத்தடி இங்கே அங்கே அசைந்தாலும் கரையில் இரண்டு மூன்றடிக்கு மேல் பிசகாது. இரண்டு கிணற்றுக்கும் இடையே இருப்பதோ நூற்றைம்பது அடி. குழப்பத்துக்கு இடமே இல்லை.

"நடவுங்கோ ஐயா" என்றாள் ஸ்டெல்லா.

கரையில் செம்மஞ்சள் புள்ளி நகர்ந்தது. எங்களுக்கு அது வலமிருந்து இடமாகப் போயிற்று. கோபுரம் இன்னும் இடது பக்கம் இருந்தது. நாலு விரல், மூன்று விரல் என்று இடைவெளி குறைந்தது. புள்ளி தில்லையரின் கிணற்றுக்கு நேரே வந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கோபுரம் இன்னும் ஒரு விரல் இடது பக்கம் தள்ளி நின்றது. அந்த ஒரு விரலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கோபுரத்துக்கு நேர் கீழே நீலமாக ஒன்று தெரிந்தது. ஸ்டெல்லா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

ஸ்டெல்லா எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். அவள் வாய் பாதி திறந்தபடி இருந்தது.

"ஹலோ, ஹலோ" என்றது தொலைபேசி. "நிக்கிறதோ நடக்கிறதோ? இஞ்சை வெயில் சுடுது பிள்ளை. என்ர கிணத்தடிக்கு வந்திட்டன்."

'நில்லுங்கோ' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. தில்லையர் வேலியைப் பிரித்துவிடுவார். அவர் வாக்குத் தவறமாட்டார். ஊருக்குப் பெரிய கிணறு கிடைக்கும். ஸ்டெல்லா வென்றவளாவாள். கடலுக்குள் வந்து சரிபார்க்க யாரும் இல்லை. நானும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று எனக்கும்தான் தோன்றியது. முப்பது வருடம் கோடு பிசகாமல் வரைந்தவளுக்கு இப்படித் தோன்றலாமா? தோன்றியது. யூட் நங்கூரக் கயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடவுங்கோ ஐயா" என்றாள்.

"இன்னுமோ?"

"ஓம். இன்னும் கிழக்க. நடவுங்கோ."

புள்ளி நகர்ந்தது. "இன்னும் கொஞ்சம். ஒரு அடி. காணும், நில்லுங்கோ."

"பிள்ளை, இது உம்மட படலையடி."

"தெரியும் ஐயா. அதிலயே கம்பை நடுங்கோ."

படகைக் கரைக்குத் திருப்பினோம். தில்லையர் கயிற்றோடு காத்திருந்தார். நாடா வேண்டாம், எழுத்தில் பாகம் என்று இருக்கிறது, பாகமாகவே அளப்போம் என்றேன். நான் திசைகாட்டியை வைத்துத் தெற்கைக் காட்ட, அவரே கையை விரித்து விரித்து அளந்தார். படலைக்குள் நுழைந்து, வாழையைத் தாண்டி, இருபதாவது பாகம் ஸ்டெல்லாவின் கிணற்றுக் கட்டுக்கு ஒரு சாண் முன்னால் முடிந்தது. "நான் வெண்டிட்டன்!" என்று அவர் சிரித்தார். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. "சின்னக் கிணறு எண்டு ஒருத்தரும் இதை யோசிக்கேல்லை" என்று முணுமுணுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா உள்ளே போய் அலுமாரியைத் திறந்து தன் உறுதியை எடுத்து வந்தாள். குசினி என்கிற சமையலறையின் வாசலில் நின்று விரலை ஓட்டி வாசித்தாள். வளவு இருந்தது. நாலு எல்லை இருந்தது. கிணறு என்று ஒரு சொல்லும் இல்லை.

"அப்பா இந்தக் காணி வாங்கேக்க சந்தை கலைஞ்சு போச்சு. கேக்க ஆள் இல்லை. சுத்தி வேலி அடைச்சிட்டார்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பன்ரண்டு வருசம் அக்கா! படலையைப் பூட்டி வைச்சு, பெரிய மனிசி மாதிரி நிண்டு, ரெண்டு வாளி ரெண்டு வாளியா அள்ளிக் குடுத்தனான். புண்ணியம் எண்டு நினைச்சுக் குடுத்தனான். அவையின்ர தண்ணியை அவைக்கே தருமம் பண்ணியிருக்கிறன். பிலோமினாவை ஒரு கிழமை..." என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'பரவாயில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கொள்ளுத் தாத்தாவின் எழுத்து அது.

ஐந்து மணிக்கு வழக்கம்போலப் பெண்கள் வாளியோடு வந்தார்கள். ஸ்டெல்லா அலவாங்கோடு போனாள். அலவாங்கு என்றால் கடப்பாரை. பூட்டைத் திறக்கவில்லை. படலையையே பெயர்த்தாள். பிறகு பக்கத்துக் கதியால்களைப் பிடுங்கத் தொடங்கினாள். வேர் விட்ட கம்புகள், லேசில் வரவில்லை. "உனக்கென்ன விசரே ஸ்டெல்லா?" என்று கேட்டார்கள். அவள் நிமிர்ந்து, மூச்சு வாங்க, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கடலில் பார்த்ததை, பத்திரத்தில் இல்லாததை. "பிலோமினா, நான் உனக்குச் செய்தது பாவம். மன்னிச்சுக்கொள்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

பிலோமினா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கதியாலின் மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தாள். நானும் இழுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். என்னால் ஒரு கம்பைக்கூட அசைக்க ஏலாது என்று தெரிந்தது. தில்லையர் ஒரு கத்தியோடு வந்து குறுக்குக் கட்டுகளை அறுத்தார். இருட்டுவதற்குள் ஒழுங்கை என்கிற சந்திலிருந்து கிணறு வரை நேராக வழி திறந்துவிட்டது.

திறந்த பிறகும் வேடிக்கையைப் பாருங்கள்: பெண்கள் படலை இருந்த இடத்திலேயே நின்றார்கள். ஒருத்தி வழக்கமான குரலில், "ஸ்டெல்லா, ரெண்டு வாளி அள்ளட்டோ?" என்றாள்.

"ஆரிட்டைக் கேக்கிறியள்?" என்று ஸ்டெல்லா சீறினாள். "என்னட்டைக் கேக்காதேங்கோ! உங்கட கிணறு. போய் அள்ளுங்கோ!"

நாலாம் நாள் விடிந்ததும் நான் கிளம்பினேன். இந்தத் தடவை முதலிலேயே வழி கேட்டுவிட்டேன். காரைநகருக்குப் பாதையில் போங்கோ என்றான் யூட். இங்கே பாதை என்பது ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி நீரிணையைக் கடக்கும் மிதவை. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் உண்டாம். போகிற வழியில் சாப்பிட, பாண் என்கிற ரொட்டியும் மீன் சம்பலும் கட்டித் தந்திருந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கலாம் என்று பையோடு கிணற்றடிக்குப் போனேன்.

அந்த நேரத்துக்கே மூன்று பெண்கள் நின்றார்கள். முதலில் பிலோமினா. அவள் இரண்டு வாளி அள்ளினாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மூன்றாவதையும் அள்ளினாள்.

குசினிக் கதவு திறந்தது. ஸ்டெல்லா தன் வாளியோடு வெளியே வந்தாள். கிணற்றடிக்கு நேராகப் போகவில்லை. வரிசையைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு வந்து, மூன்றாவது பெண்ணுக்குப் பின்னால் நின்றாள்.

நான் என் போத்தலோடு போய் அவளுக்குப் பின்னால் நின்றேன்.